முதலில் கண்ட கயிறு

"ஒரு சின்னத் தீவு நாடு. நில அமைப்பு, மக்கள், பொருளாதாரம். எட்டுப் பக்கத்துக்குள் முடித்துக் கொடுங்கள்" என்றார் எங்கள் பதிப்பாளர். சிவகாசியில் பள்ளிப் பிள்ளைகளுக்கான துணைப்பாட நூல்கள் எழுதுவது என் தொழில். பாலைவனம் எழுதியிருக்கிறேன், பனிப்பிரதேசம் எழுதியிருக்கிறேன், எரிமலைகூட எழுதியிருக்கிறேன். எதையும் கண்ணால் பார்த்ததில்லை. இந்தத் தடவை பார்க்காமல் ஒரு வரி எழுதுவதில்லை என்று சொல்லிவிட்டேன். "எட்டுப் பக்கத்துக்கு யாராவது கடல் தாண்டிப் போவார்களா?" என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் என்னைத் திருகோணமலையில் கொண்டுவந்து இறக்கியது.

அன்புவழிபுரத்தில் திலகம் என்பவரின் வீட்டில் ஓர் அறை கிடைத்தது. திலகம் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளார்க். கந்தோர் என்றால் அலுவலகம். நான் பள்ளிப் புத்தகம் எழுதுகிறவள் என்று சொன்ன அடுத்த நிமிடமே என்னை 'டீச்சர்' ஆக்கிவிட்டார். ஒருநாள்கூடப் பாடம் நடத்தியவள் இல்லை என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். "பரவாயில்லை டீச்சர்" என்றார். அதற்குப் பிறகு அந்த ஊரில் என் சொந்தப் பெயரை நானே மறந்துபோனேன்.

முதல் நாள் காலைச் சாப்பாடு புட்டும் மீன்குழம்பும். குழல் புட்டை உடைத்து, மேலே சொதி என்கிற தேங்காய்ப்பால் குழம்பை ஊற்றித் தந்தார். நான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன், மூன்றாம் தடவை கேட்காமலே வந்தது. ஆனால் தேநீரில்தான் திடுக்கிட்டேன். டப்பாவிலிருந்து பால்மாவைக் கரண்டியால் அள்ளிப் போட்டுக் கலக்கினார்.

"இங்கே மாடு இல்லையா?" என்றேன்.

"ஏன் இல்லை? வயல் பக்கம் போனீங்களெண்டால் ரோட்டை மறிச்சுக்கொண்டு நிக்கும். பால்மா ருசி பழகிப்போச்சு டீச்சர். இப்ப பசுப்பாலில தேத்தண்ணி தந்தால் பிள்ளையள் வாய் வைக்காது."

குறிப்பேட்டைத் திறந்து 'பொருளாதாரம்' என்ற தலைப்பின் கீழே முதல் வரியாக அதை எழுதினேன். மாடு உள்ள ஊரில் கப்பலில் வரும் பால்.

அன்று துறைமுகம் பார்க்க ஓட்டோ பிடித்தேன். ஓட்டியவர் நவாஸ், கிண்ணியாக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். வாய் ஓயாத மனிதர். ஒரு மேட்டில் நிறுத்தி "இறங்கிப் பாருங்கோ" என்றார். 'இயற்கைத் துறைமுகம்' என்று என் புத்தகங்களில் இரண்டு சொல்லில் எழுதிவிட்டுப் போயிருக்கிறேன். இப்போது எதிரே நின்றபோது வெட்கமாக இருந்தது. கடல் நிலத்துக்குள் புகுந்து, வளைந்து, மறுபடியும் வளைந்து, குன்றுகளுக்கு நடுவே ஏரிபோல அசையாமல் கிடந்தது. எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் லாரியில் வருவது. இவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் பார்த்தால் எனக்குக் கோபமே வரும்.

"எவ்வளவு பெரிய கப்பலும் உள்ளுக்கு வரலாம் டீச்சர், அவ்வளவு ஆழம்" என்றார் நவாஸ். "வாறதுதான் இல்லை. மாவுக்கு ஒண்டு, சீமெந்துக்கு ஒண்டு. மற்றப்படி எங்கட ஆக்கள்தான் இஞ்சயிருந்து வெளியில போறது. கட்டார், டுபாய், சவூதி. நானும் நாலு வருசம் சவூதியில இருந்தனான்."

"ஏன் திரும்பி வந்தீர்கள்?"

"ஓட்டோ வாங்கினன். அது இஞ்சதானே நிக்குது" என்றார்.

இரண்டாம் நாள் மீன்பிடி பற்றி எழுதுவதற்காகச் சல்லிக்குப் போனேன். நகரத்துக்கு வடக்கே கடலோரக் கிராமம். திலகத்தின் தங்கை செல்வராணி அங்கேதான் இருக்கிறார். கரையில் விரித்திருந்த வலையின் மேல் உட்கார்ந்து கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். சிரிக்கவில்லை. "எழுதிறதெண்டால் எழுதுங்கோ. ஆனா வலையில இருந்தால் கையைச் சும்மா வச்சிருக்கக் கூடாது" என்று நூல் சுற்றிய மூங்கில் ஊசி ஒன்றைத் தந்தார். ஒரு மணி நேரத்தில் மூன்று கண்ணி தைத்தேன். மூன்றையும் அவர் அவிழ்த்தார்.

அவர் வைத்திருப்பது கரைவலை. வள்ளத்தில் வலையை ஏற்றிக் கடலுக்குள் அரைவட்டமாகப் போய் இறக்கிவிடுவார்கள். வலையின் நடுவில் மீன் சேரும் பெரிய பை, அதற்கு மடி என்று பெயர். இரண்டு ஓரத்திலும் நீண்ட கயிறு. கரையில் இரண்டு அணியாக நின்று ஒரே வேகத்தில் இழுத்துக் கொண்டுவர வேண்டும். ஒரு கரையில் ஒரு நாளைக்கு ஒரு வலைதான். இன்று இவர், நாளை அவர் என்று முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைதான் பாடு.

"போன பாடு தப்பிட்டுது, வலை இழுக்க ஏலாமப் போச்சு" என்றார் செல்வராணி. "இருபத்தஞ்சு பேர் வேணும், எட்டுப் பேர் வந்தவை. மற்ற எல்லாரும் வெளிநாடு, இல்லாட்டி ஹோட்டல் வேலை, கொழும்புப் பக்கம் கார்மென்ட்ஸ். காசு குடுத்தாலும் ஆள் இல்லை. ஒரு பருவத்தில ரெண்டு பாடு தப்பினால் பேரை வெட்டிப்போட்டு அடுத்த ஆளுக்குக் குடுப்பினம். அதுதான் இஞ்ச சட்டம். வியாழக்கிழமை என்ர பாடு."

அன்று செவ்வாய்க்கிழமை.

"ட்ராக்டர் வைத்து இழுக்க முடியாதா?" என்று கேட்டேன். எங்கோ படித்திருந்தேன்.

"இந்தக் கரையில மெசின் கூடாது எண்டு எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு. மெசின் அடியோட வழிச்செடுக்கும். பேந்து பிள்ளையளுக்கு என்ன மீன் இருக்கும்?"

பிறகுதான் அவருடைய உண்மையான பயம் வெளியே வந்தது. கணவர் யோகன் கட்டாரில் லாரி ஓட்டுகிறார். ஏழு வருடமாக. வலையைக் கவனித்துவந்த யோகனின் தம்பியும் போன வருடம் டுபாய் போய்விட்டார். இப்போது ஆவணியில் யோகனுடைய ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்கு இருக்கச் சொல்லிக் காகிதம் கொடுத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போடுவதா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

"பாடு இருந்தால் வந்து வலையைப் பார்ப்பன் எண்டு சொன்னவர். பாடு போயிட்டுதெண்டால் இஞ்ச வந்து என்ன செய்யிறது? கையெழுத்து வச்சிடுவார். ரெண்டு வருசம், பேந்து ரெண்டு வருசம். என்ர மகள் அவரைப் போனிலதான் அப்பா எண்டு கூப்பிடுறாள்" என்று சொல்லிவிட்டு, பல்லால் நூலைக் கடித்து அறுத்தார்.

கரும்பாறைக் குவியல் ஒன்றுக்கு அந்தப் பக்கம் இன்னொரு கரை. அங்கே வலை போட்டிருந்தவர் கதிர்வேல், மேற்குக் கரையில் உடப்பிலிருந்து ஆட்களோடு வந்திருந்த வலைச் சொந்தக்காரர், அவர்கள் பேச்சில் சம்மாட்டி. அவர் பேச்சு எங்கள் இராமநாதபுரம் பக்கத்துப் பேச்சுப்போல இருந்தது, கேட்கவே ஆசையாக இருந்தது. தென்மேற்குக் காற்றில் மேற்குக் கடல் கொந்தளிக்கும்போது இந்தப் பக்கம் வந்துவிடுவார்களாம். மாரியில் கிழக்குக் கடல் கொந்தளிக்கும்போது திரும்பிப் போவார்களாம். பருவக்காற்றுக்கு நான் எத்தனையோ பாடத்தில் அம்புக்குறி போட்டிருக்கிறேன். அம்புக்குறிக்குப் பின்னால் சட்டிபானையோடு மனிதர்கள் போகிறார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கதிர்வேல் பிடித்திருந்தது கல் நிறைந்த கரை, அதுவும் ஒரு பருவத்துக்கு வாடகைக்கு. செல்வராணியின் பாடு போனால் பட்டியலில் அடுத்த பெயர் அவருடையதுதான். நேராகவே கேட்டேன்.

"மூணு வருஷமா காத்திருக்கேன்மா" என்றார். "அந்தப் புள்ள விடணும்னு நான் கும்பிடல. விட்டா வேணாம்னு சொல்லவும் மாட்டேன்."

நேர்மையான பதில். எனக்குப் பிடித்திருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. திரும்பி வந்து செல்வராணியிடம் "ஆள் நான் கொண்டுவருகிறேன்" என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது. சிவகாசிக்காரி சொல்கிறேன், எங்கள் ஊரில் ஆளுக்குப் பஞ்சமே கிடையாது. பட்டாசு ஆலை வண்டி ஒன்று தெருமுனையில் நின்றால் ஐந்து நிமிடத்தில் நிறைந்துவிடும். அதே கணக்கில் இங்கேயும் நினைத்துவிட்டேன்.

செல்வராணி முதன்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "டீச்சர், சொன்னால் கொண்டுவரோணும்" என்றார்.

மூன்றாம் நாள் முழுக்க ஆள் பிடித்தேன். சந்தையில் முட்டைக்கோஸ் இலையை ஒரு புள்ளிமான் நின்று தின்றுகொண்டிருந்தது. நகரத்துக்குள் மான் திரிகிறது, ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் மட்டும் பத்து நிமிடம் பார்த்தேன். பிறகு காய்கறிக் கடைக்காரரிடம் நாளை காலை வலை இழுக்க வர முடியுமா என்று கேட்டேன். "நான் மரக்கறி, டீச்சர்" என்றார். சைவச் சாப்பாட்டுக்காரராம். மீன் சாப்பிடாதவர் கயிறு பிடிப்பது சரியில்லையாம். பேருந்து நிலையத்தில் ஏழு பேரிடம் கேட்டேன். ஒருவர் வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சி என்று நினைத்து, "டுபாய்க்கு இல்லையோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நான் விடுவதாக இல்லை. திலகம் கந்தோரில் பேசி நான்கு பேரைப் பிடித்தார். துறைமுகத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற இருவர், "கயிறெண்டால் எங்களுக்குப் புதுசே?" என்று தாங்களாகவே வந்தார்கள். சாயங்காலம் நவாஸ் என்னைப் பாலம் தாண்டிக் கிண்ணியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு தேநீர்க் கடையில் சூடான ரொட்டியும் மீன் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டே எட்டுப் பேரைச் சேர்த்தோம். வயல்காரர்கள், வியாபாரிகள், எல்லோரும் நவாஸுக்கு ஏதோ ஒரு வகையில் மச்சான்.

"எங்கட வலை இல்லையே?" என்று ஒருவர் தயங்கினார்.

"வெள்ளம் வந்த நேரம் எங்கட வீட்டுச் சாமான் ஏத்தின வள்ளம் ஆர்ர? சல்லிக்காரர்ர. அப்ப எங்கட வள்ளமோ எண்டு கேட்டதா?" என்றார் நவாஸ். தயங்கியவர் முதலாவதாகக் கையைத் தூக்கினார்.

கடைசி ஆள் பாண்காரர். பாண் என்றால் ரொட்டி மாவில் சுட்ட பிரட். இந்த ஊரில் விடிந்ததும் தெருத்தெருவாகப் பாட்டுப் போட்டுக்கொண்டு ஒரு ஓட்டோ வரும். பின்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் பாணும் பணிஸ் என்கிற பன்னும் சூடாக இருக்கும். ஓட்டுகிறவர் சிங்களவர், தமிழ் கொஞ்சம்தான் வரும். நான் கேட்டதை நவாஸ் சிங்களத்தில் சொன்னார். அவர் சொன்னதைத் தமிழில் திருப்பினார்: "பாண் வித்து முடிஞ்ச பிறகுதான் வரலாமாம்."

"விற்காத பாணோடு வரச் சொல்லுங்கள். இழுக்கிறவர்களுக்குப் பசிக்காதா?" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார். சிங்களத்தில் அவர் சொன்னதை நவாஸ் திருப்புவதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. "இந்த அம்மா ஆளை விடமாட்டா போல."

வியாழக்கிழமை விடியற்காலை. நவாஸ் பதினான்கு பேரோடு சின்ன லாரி ஒன்றில் முன்னே போனார். லாரியில் இடம் போதாமல் திலகமும் நானும் பாண் ஓட்டோவில் ஏறினோம். அதுதான் நான் செய்த முதல் தவறு. வண்டி கிளம்பினால் பாட்டும் கிளம்பும். இரண்டும் ஒரே வயரில் கட்டியிருக்கிறது, தனியாக நிறுத்த முடியாது. பாட்டைக் கேட்டதும் ஒவ்வொரு சந்திலிருந்தும் ஆட்கள் ஓடிவந்து கை காட்டினார்கள். வழக்கமான வாடிக்கையாளரைத் தாண்டிப் போக அவருக்கு மனம் வரவில்லை. "ரெண்டு றாத்தல் பாண்", "நாலு பணிஸ்", "மாலு பாண் இருக்கா?" என்று கடல்வரைக்கும் வியாபாரம் நடந்தது. மாலு பாண் என்றால் மீன் வைத்த பன். நான் ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

வழியில் நவாஸ் திலகத்துக்குப் போன் செய்தார். "அக்கா, கரைக்கு வந்திட்டம்." திலகம் உடனே தங்கையைக் கூப்பிட்டு, "ஆக்கள் வந்திட்டினம், வலையை இறக்கு" என்றார். செல்வராணி வள்ளத்துக்குக் கை காட்டிவிட்டார்.

நாங்கள் போய்ச் சேரும்போது சூரியன் கடலுக்கு மேலே ஏறிவிட்டது. கரையில் ஒரு நீளமான கயிறு, அதில் வரிசையாக எங்கள் ஆட்கள். முன்னால் நவாஸ், குதிங்கால் மணலில் புதைய இழுத்துக்கொண்டிருக்கிறார். மனம் குளிர்ந்தது. அடுத்த நொடி கவனித்தேன், நாங்கள் நிற்பது செல்வராணியின் கரையில் இல்லை, பாறைக் குவியலுக்கு இந்தப் பக்கம். அது கதிர்வேலின் கயிறு.

"நவாஸ்! இது யாருடைய வலை?"

நவாஸ் தலையைத் திருப்பாமலே சொன்னார். "தெரியும் டீச்சர். வழியில இந்தக் கயிறு கிடந்தது. வலை வாற நேரம் கயிறைக் கண்டால் ஒரு கை வைக்காமக் கடந்து போறது மரியாதை இல்லையே. ஒரு இழுவை இழுத்துக் குடுத்திட்டுப் போவம் எண்டுதான் எல்லாரும் பிடிச்சது."

"இழுத்தாகிவிட்டதல்லவா? வாருங்கள்!"

"இப்ப விட ஏலாதாம்."

கதிர்வேல் நிதானமாக நடந்து வந்தார். "கை வச்சா மடி கரைக்கு வரும்வரை விடப்படாதும்மா. பதினஞ்சு பேர் சேர்ந்த பிறகு அதுக்கேத்த மாதிரி வேகம் வச்சாச்சு. இப்ப விட்டா வலை ஒரு பக்கமா சாயும், மீன் முழுக்க வெளிய போயிடும். இவங்களுக்கும் அது தெரியும்."

கிண்ணியாக்காரர்கள் குற்றம் செய்தவர்கள்போல மணலைப் பார்த்தார்கள். ஆனால் ஒருவரும் கயிற்றை விடவில்லை. எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது என்று கத்தினேன். பிறகு பாறைகளில் ஏறி அந்தப் பக்கம் ஓடினேன்.

செல்வராணியின் வலை கடலில் கிடந்தது. இந்தக் கயிற்றில் நான்கு கிழவர், அந்தக் கயிற்றில் நான்கு கிழவர். இழுக்கவில்லை, போகாமல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நீரோட்டம் வலையை மெல்ல மெல்லப் பாறைப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. பாறையில் மாட்டினால் பாடு மட்டுமல்ல, வலையே போய்விடும். செல்வராணி கயிற்றின் நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்து நின்றார்.

"எங்க டீச்சர் ஆக்கள்?"

நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதை நம்பித்தான் அவர் வலையை இறக்கினார். "வருகிறார்கள். விட்டுவிடாதீர்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினேன். அவ்வளவு வெட்கமாக அதற்கு முன்னால் எனக்கு இருந்ததில்லை.

ஓடும்போதே ஒன்று புரிந்தது. கதிர்வேலோடு சண்டை போட்டால் நேரம் போகும். அந்த மடி எவ்வளவு சீக்கிரம் கரைக்கு வருகிறதோ, அவ்வளவு சீக்கிரம் என் ஆட்கள் எனக்குத் திரும்பக் கிடைப்பார்கள். "திலகம், பிடியுங்கள்!" என்று சொல்லிக்கொண்டே எதிர் வலையின் கயிற்றைப் பிடித்தேன். பாண்காரரும் ஓட்டோவை நிறுத்திவிட்டு வந்து எனக்குப் பின்னால் பிடித்தார்.

"பொம்பிளையள் கயிறு பிடிக்கிறதோ?" என்று யாரோ முணுமுணுத்தார். "பிடிச்சா மீன் செத்தா போகும்?" என்று கதிர்வேல் அவரை அடக்கினார்.

ஈரக் கயிறு உள்ளங்கையை அரம் மாதிரி அறுத்தது. இழு, ஒரு அடி பின்னே வை, இழு. கடைசி ஆள் கயிற்றை விட்டு ஓடிப்போய் முன்னால் தண்ணீருக்குள் பிடிக்க வேண்டும், அப்படியே வரிசை சுழன்றுகொண்டிருக்கும். இரண்டு தடவை விழுந்தேன். சேலை இடுப்புவரை நனைந்துவிட்டது. கந்தோர்க்காரர் ஒருவரின் கண்ணாடி கடலோடு போயிற்று. ஆனால் முப்பத்தைந்து பேர் இழுத்தால் எதுதான் வராது? மடி வந்து மணலில் தொப்பென்று விழுந்தது. சூடை மீன் வெள்ளி வெள்ளியாகத் துள்ளியது. நல்ல மீன்பாடு.

வழக்கப்படி கயிறு பிடித்தவர்களுக்கெல்லாம் கறிக்கு மீன் உண்டு. கதிர்வேல் கூடையைத் தூக்கச் சொன்னார்.

"மீன் வேண்டாம்" என்றேன். மூச்சு வாங்கியது. "நாங்கள் பதினெட்டுப் பேர் உங்களுக்குக் கை கொடுத்தோம். எங்களுக்கு மீன் வேண்டாம், கை வேண்டும். அந்தப் பக்கம் வந்து இழுங்கள்."

அவருடைய ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். விடியுமுன் தொடங்கி அப்போதுதான் முடித்தவர்கள். அதில் ஒருவர், நான் கேட்கட்டும் என்றே சொன்னார்: "சம்மாட்டி, நாம கொஞ்ச நேரம் பேசாம இருந்தா அந்தக் கரை நமக்கு."

கதிர்வேல் பாறைப் பக்கம் பார்த்தார். துள்ளுகிற மீனைப் பார்த்தார். மூன்று வருடம் காத்திருந்த மனிதர். அந்த அரை நிமிடத்தில் அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது.

"அவங்க கை வச்சுத்தான் நம்ம மடி வந்துச்சு" என்றார். "கைக்குக் கை. கரை வேற கதை." தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவர்தான் முதலில் பாறையில் ஏறினார். மீனைக் காவல் காக்க ஒரே ஒருவரை வைத்துவிட்டு மற்ற எல்லோரும் அவருக்குப் பின்னால் போனோம்.

கதிர்வேலைப் பார்த்ததும் செல்வராணியின் முகம் ஒரு கணம் கல்லானது. தன் முறையைப் பறிக்க வந்தவர் என்றே நினைத்திருப்பார். கதிர்வேல் நேரே தண்ணீருக்குள் இறங்கி, பாறைப் பக்கத்துக் கயிற்றின் முதல் ஆளாக நின்று, "இந்தப் பக்கம் முதல்ல! கல்லுல மாட்டப் போகுது!" என்று கத்தினார். அதற்குப் பிறகு நாற்பது பேருக்கு மேல். கிண்ணியாவும் உடப்பும் சல்லியும் கந்தோரும் எந்தக் கயிற்றில் எங்கே கலந்தன என்று தெரியவில்லை. பாண்காரர் தட்டோடு தூக்கி வந்த பாணை நடுவிலே பிய்த்து வாயில் போட்டுக்கொண்டே இழுத்தார்கள். பாறைக்கு ஆறடி தள்ளி வலை திரும்பியது. கிழவர்களில் ஒருவர் வாய்விட்டு அழுதார்.

உச்சிக்கு முன்னால் மடி மணலுக்கு வந்தது. பிரித்துப் பார்த்தால் பாதிக்குமேல் சொறி, தொட்டால் அரிக்கிற வழவழப்பான ஜெல்லிமீன். நடுவே கொஞ்சம் கீரி மீன், நாலைந்து பாரைக் குஞ்சு. கதிர்வேலுக்கு வந்ததில் கால்வாசிகூட இல்லை. எனக்கு ஏமாற்றமாகப் போயிற்று.

செல்வராணி மீனைப் பார்க்கவேயில்லை. கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தார். கணவருக்கு வீடியோ அழைப்புப் போட்டார். திரையில் லாரிக்குள் உட்கார்ந்திருந்த ஒரு மனிதரின் முகம் வந்தது. கண்கள் சிவந்திருந்தன.

"என்னப்பா? தப்பிட்டுதோ?" என்றார் யோகன்.

செல்வராணி போனைத் திருப்பி மடியைக் காட்டினார். பிறகு கயிறுகளை, பிறகு மணலில் விழுந்து கிடந்த எங்களை ஒவ்வொருவராக.

"உது ஆர், உடப்புச் சம்மாட்டியோ?"

"ஓம்."

"எங்கட கயிற்றிலயோ?"

"ஓம்."

யோகன் லாரியின் பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவர் சொன்னார்: "பேப்பர் பக்கத்தில சீற்றிலதான் கிடக்கு. கையெழுத்து வைக்கேல்லை எண்டு போய்க் குடுக்கப்போறன். ஆவணியில எங்கட பாடு எப்ப வருது?"

செல்வராணி வாயைப் பொத்திக்கொண்டார். பக்கத்தில் சொறியைக் கழுவிக்கொண்டிருந்த கதிர்வேல்தான் போனைப் பார்த்துக் கத்தினார்: "கடைசி வாரம்! பிந்தினியோ, அடுத்த பேர் என்னோடதுதான்!"

அன்று எனக்குக் கறிக்குக் கிடைத்தது இரண்டு கீரி மீன். திலகம் பொரித்துத் தந்தார். உள்ளங்கை கொப்புளத்தால் பிசைந்து சாப்பிட முடியவில்லை, கரண்டியால் சாப்பிட்டேன். அவ்வளவு ருசியான மீனை நான் சாப்பிட்டதில்லை. மறுநாள் நவாஸ் வந்து, கயிறு விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டார். கேட்டுவிட்டு, "ஆனாலும் டீச்சர், இனியும் கயிறு கிடந்தால் கை வைக்காமப் போக எனக்கு ஏலாது" என்றார்.

ஊர் திரும்பி எட்டுப் பக்கத்தையும் எழுதினேன். பதிப்பாளர் துறைமுகத்தில் கப்பல் நிற்கிற படம் ஒன்று கேட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்றேன். ஆவணி முடியும்வரை பொறுக்க வைத்தேன். தினமும் போன் செய்து திட்டினார்.

கடைசி வாரத்தில் ஒரு காலை, திலகத்திடமிருந்து ஒரு படம் வந்தது. கடலுக்குள் போகும் கயிறு, பிடித்திருப்பவர்களின் முதுகு வரிசை. எல்லோரும் லுங்கியை மடித்துக் கட்டியிருக்க, தண்ணீருக்குள் முதல் ஆளாக நின்றவர் மட்டும் நீளக் காற்சட்டையும் ஷூவும் போட்டிருந்தார். அவருக்குப் பின்னால் கதிர்வேலின் தலைத்துண்டு தெரிந்தது. படத்தின் கீழே திலகம் எழுதியிருந்தார்: "விடிய நாலு மணிக்குத்தான் கட்டாரிலயிருந்து வந்து இறங்கினவர், டீச்சர். உடுப்பு மாத்தப் பொறுமை இல்லை, நேரே கயிற்றுக்குப் போயிட்டார்."